கட்டட வேலையின்போது தற்காலிகக் கூரைச் சாரம்: திட்டமிடுதல், கட்டுதல், பிரித்தல்

ஒரு கட்டடத்தின் பழைய கூரையைப் பிரித்துப் புதியது போடும்போதும், இருக்கும் கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்பும்போதும், தீயில் கூரை இழந்த கட்டடத்தைச் சீர்செய்யும்போதும், சில வாரங்களோ சில மாதங்களோ அந்தக் கட்டடம் மேலே மூடியின்றி நிற்கிறது. அந்த இடைக்காலத்தில் பெய்யும் ஒரே ஒரு பலத்த மழை, கீழ்த்தளத்தின் பூச்சுவேலையையும் மரத்தளத்தையும் மின்கம்பி வழிகளையும் கெடுத்துவிடப் போதுமானது. ஊறிப்போன செங்கல் சுவர் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது கட்டடத்துறையில் நெடுநாளாக வழங்கிவரும் தோராய அளவு. அதன்படி 225 மில்லிமீட்டர் சுவர் முழுமையாக உலர ஒன்பது மாதம் வரை ஆகலாம். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு உண்டாகிறது. இந்த இழப்பைத் தவிர்ப்பதற்காகக் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் எழுப்பி, அதன் தலையில் உத்திரங்களையும் தகடுகளையும் ஏற்றி அமைப்பதே தற்காலிகக் கூரை.

இந்தக் கூரையைப் பற்றி முதலிலேயே மனத்தில் பதிய வேண்டிய ஒன்று உண்டு. நிரந்தரக் கூரையின் எடை அதைக் கீழே அழுத்தி வைத்துக்கொள்கிறது. தற்காலிகக் கூரையோ வேண்டுமென்றே இலேசாகச் செய்யப்படுகிறது. ஆகையால் அதைத் தாங்கி நிறுத்துவது எளிது, பறந்துவிடாமல் பிடித்து வைப்பதுதான் கடினம். கீழே சொல்லப்படும் ஏறத்தாழ எல்லா அறிவுரைகளும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

எப்போது தேவை, எப்போது வேண்டாம்

இரண்டு மூன்று நாளில் முடியும் சிறு பழுதுக்கு முழுக் கூரைச் சாரம் தேவையில்லை. பிரித்த பகுதியின் மேல் தார்ப்பாயை விரித்து, அதன் ஓரங்களை மரச்சட்டங்களில் சுருட்டி ஆணியடித்து, முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் தார்ப்பாய் கூரைக்கு மாற்று அல்ல. ஒவ்வொரு மாலையும் மூடி ஒவ்வொரு காலையும் திறக்கும் வேலையில் அது கிழிகிறது, நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தேக்குகிறது, இரவில் காற்றடித்தால் யாராவது மேலே ஏறிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வேலை வாரக்கணக்கில் நீளுமானால், அல்லது உள்ளே திரும்பச் செய்ய முடியாத ஓவியமோ மரவேலைப்பாடோ இருக்குமானால், அல்லது கீழ்த்தளத்தில் ஆட்கள் குடியிருந்துகொண்டே இருப்பார்களானால், தற்காலிகக் கூரைக்கு ஆகும் செலவைப் பற்றித் தயங்கத் தேவையில்லை. மழை நாள்களிலும் வேலை நிற்காமல் நடப்பதால் கால அட்டவணையை நம்பித் திட்டமிட முடிகிறது என்பதும் அதன் பெரிய ஆதாயம்.

பழைமையான கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வல்லுநர்கள் இதை வெகுகாலமாக உணர்ந்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹிமேஜி கோட்டையின் முதன்மைக் கோபுரம் 2009 முதல் 2015 வரை பழுதுபார்க்கப்பட்டபோது, கோபுரம் முழுவதையும் உள்ளே அடக்கும் ஒரு தற்காலிக எஃகுக் கூடத்தை எழுப்பி, ஓடுகளைப் பிரித்து மாற்றும் வேலை அதற்குள்ளேயே நடந்தது. அத்தனை பெரிய வேலைக்கும் ஒரு சாதாரண வீட்டின் கூரை வேலைக்கும் அளவில்தான் வேறுபாடு. கணக்கிட வேண்டிய விசைகள் ஒன்றே.

இடத்தை ஆராய்தல்

வடிவமைப்புப் பொறியாளரிடம் போவதற்கு முன் கட்டடத்தை நேரில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். நீளம், அகலம், இறவார உயரம், முகட்டு உயரம், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, அலைவாங்கி முதலிய துருத்தல்கள் எல்லாம் அளவோடு வேண்டும். புதிய கட்டுமானத்தின் மிக உயர்ந்த இடத்துக்கு மேல் ஓர் ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்யக் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டால்தான் தற்காலிகக் கூரையின் உத்திர அடிமட்டம் எங்கே வர வேண்டும் என்று தெரியும். நீண்ட மரங்களையோ இரும்பு உத்திரங்களையோ உள்ளே கொண்டுவர எங்கே திறப்பு வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். கிரேனால் மேலிருந்து இறக்க வேண்டிய பொருள்கள் நிறைய இருந்தால், தண்டவாளத்தின்மேல் சக்கரத்தில் நகரும் கூரை அமைப்புகள் கிடைக்கின்றன. தேவைப்படும்போது ஒரு பகுதியைத் தள்ளித் திறந்து, வேலை முடிந்ததும் மூடிப் பூட்டிக்கொள்ளலாம்.

சாரத்தின் கால்கள் நிற்கப்போகும் தரையைத் தனியே பார்க்க வேண்டும். நிலவறை, கழிவுநீர்த் தொட்டி, வடிகால் மூடி, அண்மையில் தோண்டி நிரப்பிய பள்ளம் ஆகியவற்றின்மேல் கால் வைக்கக் கூடாது. அருகே மின்கம்பி சென்றால் மின்வாரியத்திடம் சொல்லி அதை விலக்கவோ காப்பிடவோ ஏற்பாடு செய்த பிறகே குழாய் இறக்க வேண்டும். ஆறு மீட்டர் இரும்புக் குழாயைத் தோளில் தூக்கித் திரும்பும் ஆளுக்கு அதன் மறுமுனை எங்கே போகிறது என்பது தெரியாது.

கட்டடத்தின் நிலைமையும் கணக்கில் சேரும். பழைய கூரையின் கைமரங்கள்தாம் பல வீடுகளில் முக்கோண வடிவ ஓரச் சுவர்களைச் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றியதும் அந்தச் சுவர் தனித்து நிற்கும். ஆகவே எந்தச் சுவர் எப்போது பிடிப்பை இழக்கும் என்பதை வேலைத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அத்தகைய சுவரில் சாரத்தைப் பிணைப்பது சாரத்துக்கும் நல்லதல்ல, சுவருக்கும் நல்லதல்ல. பழைய கைப்பிடிச் சுவரின்மேல் தற்காலிகக் கூரையின் காலை ஊன்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொறியாளர் அந்தச் சுவரைச் சோதித்து எழுத்தில் அனுமதி தராதவரை கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

காற்று

காற்றின் அழுத்தத்தைக் கணக்கிடும் அடிப்படைச் சூத்திரம் எளியது. வினாடிக்கு மீட்டரில் சொல்லப்படும் வேகத்தை அதனாலேயே பெருக்கி, வரும் எண்ணை 0.613-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது கிடைக்கும். வேகம் வர்க்கமாகப் பெருகுவதால், காற்று இரண்டு மடங்கு வேகமாக வீசினால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்கு 245 நியூட்டன். 30 மீட்டரில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டரில், 552 நியூட்டன். 40 மீட்டரில் 981 நியூட்டன். வானிலை அறிவிப்பில் சொல்லப்படுவது பெரும்பாலும் சராசரி வேகம் என்பதையும், கூரையைத் தூக்குவது சில வினாடிகளே நீடிக்கும் வன்காற்று என்பதையும் மறக்கக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். கூரையின் பரப்பு 12 மீட்டருக்கு 15 மீட்டர், ஆக 180 சதுர மீட்டர். வன்காற்று வினாடிக்கு 30 மீட்டர். மேலே உறிஞ்சும் விசையும் உள்ளிருந்து தள்ளும் விசையும் சேர்ந்த குணகத்தை, அதாவது அழுத்தத்தைப் பெருக்க வேண்டிய எண்ணை, 1 என்று எடுத்துக்கொண்டால், மேல்நோக்கிய மொத்த இழுப்பு ஏறத்தாழ 99 கிலோநியூட்டன், அதாவது 10 டன்னுக்குச் சற்று மேல். அலுமினிய உத்திரமும் இலேசான விரிப்பும் கொண்ட கூரை சதுர மீட்டருக்கு 15 கிலோ என்று வைத்தால் அதன் சொந்த எடை 2.7 டன். மீதி 7.4 டன் இழுப்பைத் தாங்கிப் பிடிப்பது எது? மூன்று மீட்டருக்கு ஒரு சட்டகம் என்ற கணக்கில் ஆறு சட்டகங்களும் பன்னிரண்டு தாங்குமுனைகளும் இருந்தால், சராசரியாக ஒவ்வொரு முனையும் 600 கிலோவுக்கு மேல் மேலே இழுக்கப்படுகிறது. இரண்டு குழாய்களைச் செங்கோணத்தில் பிணைக்கும் சாதாரண ரைட் ஆங்கிள் கிளாம்ப் ஒன்றின் பாதுகாப்பான சுமையே ஏறத்தாழ 6.1 கிலோநியூட்டன், அதாவது 620 கிலோதான். ஒற்றைக் கிளாம்பில் கூரையைத் தொங்கவிட்டால் இந்தக் காற்றிலேயே எல்லையைத் தொட்டுவிடுகிறோம்; முறையான வடிவமைப்பில் காற்றுவிசையைப் பாதுகாப்புக் காரணியால் பெருக்கியும் சொந்த எடையைச் சற்றுக் குறைத்தும் கணக்கிடுவார்கள் என்பதால் தேவை இன்னும் கூடும்.

இது சராசரிக் கணக்கு. முகடு, இறவாரம், மூலைகள் ஆகிய இடங்களில் உறிஞ்சும் விசை கூரையின் நடுப்பகுதியைவிட வெகுவாக அதிகம். தகடுகள் முதலில் பிய்ந்து போவது மூலையில்தான். ஆகவே திருகாணிகளையும் பிடிப்புகளையும் ஓரங்களில் நெருக்கமாக வைக்க வேண்டும். உள்ளழுத்தம் இன்னொரு கவலை. மூன்று பக்கம் மறைத்து ஒரு பக்கம் திறந்த அமைப்பில் காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியின்றிக் கூரையை அடியிலிருந்து தள்ளும். கீழ்த்தளத்தில் சன்னல்களைக் கழற்றிவிட்ட கட்டடமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். வடிவமைப்பவருக்கு எந்தெந்தத் திறப்புகள் எப்போது திறந்திருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய கணக்கு வேறொரு கட்டடத்துக்கான கணக்காகிவிடும்.

தற்காலிகக் கூரையும் பக்க மறைப்பும் கொண்ட அமைப்புகளுக்கென்றே 2015-இல் இஎன் 16508 என்ற ஐரோப்பியத் தரநிலை வெளியானது. பணிபுரியும் சாரங்களுக்கான இஎன் 12811 அதற்குப் பழையது. எந்த நாட்டில் வேலை நடந்தாலும் அந்நாட்டின் காற்றுச்சுமைத் தரநிலையைப் பின்பற்றித் தகுதியுள்ள பொறியாளர் ஒருவர் கணக்கிட்டு வரைபடம் தர வேண்டும். வழக்கமான சாரங்களை அட்டவணை பார்த்துக் கட்டிவிடலாம். கூரை ஏற்றிய சாரம் அந்த வகையில் சேராது.

பிடிப்பு எங்கும் அறுபடாமல் தரைவரை இறங்க வேண்டும்

கூரைத் தகட்டில் தொடங்கும் இழுப்பு, தகட்டிலிருந்து பர்லினுக்கும் (உத்திரங்களின்மேல் குறுக்கே ஓடித் தகட்டைத் தாங்கும் சட்டம்), பர்லினிலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து செங்குத்துக் குழாய்க்கும், குழாய் வழியாகத் தரைக்கோ சுவருக்கோ சென்று சேர வேண்டும். இந்த வழியில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் மேல்நோக்கிய இழுப்பைத் தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சாரம் கட்டுபவர்கள் வாழ்நாள் முழுதும் கீழ்நோக்கிய சுமைக்கே பழகியவர்கள். அதனால் மூன்று இடங்களில் பிடிப்பு அறுந்திருப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது.

முதலாவது, செங்குத்துக் குழாய்களின் மூட்டு. ஒரு குழாயின் தலையில் இன்னொன்றை வைத்து உள்ளே சேர்ப்பு ஊசி செருகினால் எடையைத் தாங்கும். மேலே இழுத்தால் அந்த ஊசி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே மூட்டு வரும் இடங்களில் எல்லாம் இரு குழாய் முனைகளையும் வெளியிலிருந்து கவ்வும் ஸ்லீவ் கிளாம்போ, பக்கத்தில் துணைக்குழாய் வைத்து மேலும் கீழும் கிளாம்ப் போட்ட பிணைப்போ, போல்ட் செருகிப் பூட்டும் அமைப்போ இருக்க வேண்டும். கப்லாக், ரிங்லாக் போன்ற ஆயத்தச் சாரங்களிலும் செங்குத்து மூட்டுகளில் பூட்டூசி போடுவதற்கான துளைகள் இருக்கின்றன. சாதாரண வேலையில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை, கூரைக்கு அவை கட்டாயம்.

இரண்டாவது, அடிப்பகுதி. குழாயின் அடியில் வைக்கும் இரும்புத் தகடான பேஸ் பிளேட் வெறுமனே பலகையின்மேல் அமர்ந்திருக்கிறது. தரையோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. இழுப்பைத் தாங்க வேண்டுமானால் கான்கிரீட் பாரக்கட்டைகளைக் கால்களோடு பிணைக்க வேண்டும். மேலே பார்த்த எடுத்துக்காட்டில், காற்றுவிசையை 1.5-ஆல் பெருக்கி, சொந்த எடையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு தாங்குமுனைக்கும் ஏறத்தாழ 1,060 கிலோ எதிர்பாரம் வேண்டும். கான்கிரீட்டின் எடை கனமீட்டருக்கு 2,400 கிலோ என்பதால் அது 0.44 கனமீட்டர் கட்டை. சாரத்தின் சொந்த எடையும் இதில் துணை செய்யும் என்றாலும், மூட்டுகள் இழுப்பைக் கடத்தும் வகையில் பூட்டப்பட்டிருந்தால்தான் அந்த எடையைக் கணக்கில் சேர்க்க முடியும். தண்ணீர்த் தொட்டிகளை எதிர்பாரமாக வைப்பதை நான் விரும்புவதில்லை. கசிவு ஏற்பட்டாலோ யாராவது குழாயைத் திறந்துவிட்டாலோ பாரம் காணாமல் போய்விடுகிறது, அதை யாரும் கவனிப்பதும் இல்லை.

மூன்றாவது, சுவர்ப் பிணைப்பு. சுவரில் துளையிட்டு இறக்கும் ஆங்கர்கள் செங்கல்லின் தரத்தைப் பொறுத்தே தாங்கும். அதனால் இழுத்துச் சோதிக்காமல் அவற்றை நம்பக் கூடாது. இருபதில் ஒன்று, எப்படியும் மூன்றுக்குக் குறையாமல், தேவையான சுமையின் 1.25 மடங்கு வரை இழுத்துப் பார்ப்பது சாரத் தொழிலில் நிலைத்த வழக்கம். ஒன்று தளர்ந்தாலும் அந்தச் சுவர்ப்பகுதியில் சோதனையைக் கூட்டி, பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். சாளரச் சட்டத்திலோ மழைநீர்க் குழாயிலோ கம்பி சுற்றிக் கட்டுவதைப் பிணைப்பு என்று சொல்லவே கூடாது.

உத்திரமும் கூரைச் சரிவும்

ஒற்றைச் சரிவு, இரட்டைச் சரிவு என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஒற்றைச் சரிவு கட்ட எளிது. ஆனால் 12 மீட்டர் அகலத்துக்கு 10 பாகை சாய்வு கொடுத்தாலே ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 2.1 மீட்டர் உயர்ந்துவிடும், அந்த உயர்ந்த முகத்தில் காற்று நேரே மோதும். இரட்டைச் சரிவில் உயரம் குறையும், தண்ணீர் இரு பக்கமாகப் பிரியும். ஆனால் இரண்டு பாதிகளும் இறவாரத்தை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலை அடக்க இரு பக்கத்தையும் இணைக்கும் இழுகம்பியோ அதைத் தாங்கும் வகையில் பிணைக்கப்பட்ட சாரமோ வேண்டும். அகலம் 8 மீட்டரைத் தாண்டினால் இரட்டைச் சரிவே பெரும்பாலும் தக்கது.

நெளிதகரத்துக்கு 10 பாகைக்குக் குறையாத சாய்வு வேண்டும். அலுமினியத் தடங்களுக்குள் இழுத்துச் செருகும் பாய்விரிப்புகளுக்கு உற்பத்தியாளர் சொல்லும் சாய்வு இன்னும் அதிகமாக இருக்கலாம், அதைக் குறைக்கக் கூடாது. தகரம் போடும்போது மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏற வேண்டும். பக்க ஏற்றம் ஒன்றரை நெளிவு. காற்று எந்தத் திசையிலிருந்து மிகுதியாக வீசுமோ அதற்கு எதிர்ப்புற ஓரத்திலிருந்து தகடு போடத் தொடங்கினால், ஏற்றங்களின் வாய் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.

பின்னல் உத்திரங்களைப் பற்றி ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். கூரையின் எடையை மட்டும் தாங்கும்போது உத்திரத்தின் மேல்குழாய் அழுத்தத்திலும் கீழ்க்குழாய் இழுவிசையிலும் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய குழாய் பக்கவாட்டில் வளைந்து நொடிக்கும் இயல்புடையது. மேலே பர்லின்கள் ஓடுவதால் அதற்குப் பிடிப்புக் கிடைத்துவிடுகிறது. காற்று கூரையைத் தூக்கும்போது இந்த நிலை தலைகீழாகிறது. கீழ்க்குழாய் அழுத்தத்துக்கு வருகிறது, அதைப் பக்கவாட்டில் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. எடைக்குத் தாராளமாகப் போதுமான உத்திரம் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுவதற்கு இதுவே காரணம். ஆகையால் கீழ்க்குழாய்களையும் உற்பத்தியாளர் அட்டவணை சொல்லும் இடைவெளிகளில் குறுக்குக் குழாய்களால் இணைத்து, இரண்டு உத்திரங்களுக்கு நடுவே மூலைவிட்டப் பிடிப்பும் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் இந்தப் பிடிப்புகள் காட்டப்படவில்லை என்றால் வேலையைத் தொடங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

பனி பொழியும் இடமானால் அதன் எடையும் சேரும். புதுப்பனி இலேசானது, ஆனால் மழையில் ஊறிய பனியின் எடை கனமீட்டருக்கு 300 கிலோவையும் தாண்டும். 20 சென்டிமீட்டர் ஈரப்பனியே சதுர மீட்டருக்கு 60 கிலோ.

மழைநீரை எங்கே அனுப்புவது

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். நம் 180 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் மணிக்கு 9,000 லிட்டர், நிமிடத்துக்கு 150 லிட்டர். இந்தத் தண்ணீர் முழுவதும் இறவாரத்தில் வந்து சேர்கிறது. பீலியும் வடிகுழாயும் வைக்காமல் விட்டால் அது சாரத்தின் அடியில் விழுந்து மண்ணை அரித்து, பேஸ் பிளேட்டின் கீழிருக்கும் பலகையைத் தொங்கலாக்கிவிடும். மிச்சத் தண்ணீர் சுவரில் தெறித்து, எதைக் காக்கக் கூரை போட்டோமோ அதையே நனைக்கும். வடிகுழாயை ஏற்கெனவே உள்ள மழைநீர் வடிகாலில் சேர்ப்பதற்கு முன் அந்த வடிகால் அடைப்பில்லாமல் ஓடுகிறதா என்று வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

விரிப்பில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். தேங்கிய எடையால் தொய்வு இன்னும் ஆழமாகும். 10 சென்டிமீட்டர் ஆழத் தேக்கம் சதுர மீட்டருக்கு 100 கிலோ, நாம் கணக்கிட்ட கூரை எடையைப் போல ஆறு மடங்குக்கு மேல். தொய்வைக் கண்ட அன்றே விரிப்பை இழுத்துக் கட்ட வேண்டும். கீழிருந்து கம்பால் குத்தித் தண்ணீரைத் தள்ளுவது ஆபத்தான பழக்கம்.

கூரை விளிம்பு கட்டடச் சுவரைத் தாண்டிக் குறைந்தது சாரத்தின் வெளிவரிசைக் குழாய் வரையாவது நீள வேண்டும். புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் தகட்டு மடிப்பும் நீரடைப்பும் தனிக் கவனத்தோடு செய்யப்பட வேண்டும்.

பக்க மறைப்பு

மழை நேராக மட்டும் விழுவதில்லை என்பதால் பக்கங்களையும் மூடச் சொல்வார்கள். மூடிய கணத்திலேயே சாரம் கப்பற்பாய் போலாகிவிடும். திறந்த சாரத்துக்குப் போதுமான சுவர்ப் பிணைப்புகள் மறைத்த சாரத்துக்குப் பாதிகூடப் போதா. வலை கட்டினால் காற்றில் ஒரு பகுதி ஊடுருவும், பாய் கட்டினால் முழுதும் மோதும். ஆகவே மறைப்புத் தேவையா, வலையா பாயா என்பதைக் கட்டத் தொடங்கும் முன்பே முடிவு செய்து வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். கூரை எழுந்த பிறகு, தூசி பறக்கிறது என்று அண்டைவீட்டார் முறையிட்டார் என்பதற்காகப் பொறியாளரைக் கேட்காமல் பாய் கட்டுவது மிகவும் ஆபத்தானது.

விரிப்புகள் தீத்தடுப்புத் தன்மையுடையனவாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோது, கூர்ங்கோபுரப் பழுதுபார்ப்புக்காக நின்ற சாரத்தின் குழாய்கள் வெப்பத்தில் வளைந்து ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி அகற்றும் வேலை 2020 ஜூனில் தொடங்கி நவம்பரில்தான் முடிந்தது. மூடிய கூரையின்கீழ் வெல்டிங், தார் உருக்குதல் போன்ற வேலைகளுக்குத் தனி அனுமதிமுறையும், வேலை முடிந்த பின் குறைந்தது ஒரு மணி நேரக் காவலும் வேண்டும். ஒளி புகும் விரிப்பு வாங்கினால் பகலில் விளக்கு வேண்டியதில்லை. முகட்டருகே காற்றோட்டத் திறப்பு இல்லையென்றால் ஈரம் தகட்டின் அடிப்புறத்தில் வியர்த்துச் சொட்டும்; அந்தத் திறப்புகளும் வடிவமைப்பில் காட்டப்பட்டவையாக இருக்க வேண்டும்.

கட்டும் வரிசை

சாரம் முழு உயரம் வரை எழுந்து, பிணைப்புகளும் எதிர்பாரமும் சோதிக்கப்பட்ட பிறகே கூரை வேலை தொடங்க வேண்டும். உத்திரச் சட்டகங்களைத் தரையில் பூட்டி, இரண்டிரண்டாகக் குறுக்குப் பிடிப்புடன் கிரேனால் தூக்கி வைப்பதே பாதுகாப்பான முறை, ஏனென்றால் உயரத்தில் ஆட்கள் நிற்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது. முதல் இரண்டு சட்டகங்கள் முழுப் பிடிப்பும் பெறும்வரை அவற்றைத் தூக்கிய கொக்கியை விடுவிக்கக் கூடாது. கூரைமேல் ஏறுபவர்கள் உடல்வார் அணிந்து, அதற்கென்று குறிக்கப்பட்ட உறுதியான இடத்தில் கொக்கியிட வேண்டும். கீழ்த்தளங்களில் கைப்பிடிக் குழாய் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலும் கால்பலகை 150 மில்லிமீட்டர் உயரத்திலும் இருக்கட்டும்.

கிளாம்ப் நட்டுகளை 50 நியூட்டன்மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. கைப்பழக்கத்தால் அது வந்துவிடும் என்று சொல்வார்கள். கூரையைத் தாங்கும் கிளாம்ப்களில் மட்டுமாவது முறுக்குமானி வைத்துச் சரிபார்த்து, பார்த்ததற்கு அடையாளமாகச் சாயப்புள்ளி வைத்துவிடுங்கள். உத்திரம் அமரும் கிளாம்பின்மேலும் கீழும் ஒட்டினாற்போல் துணைக் கிளாம்ப் ஒவ்வொன்று போட்டால், முதன்மைக் கிளாம்ப் எந்தத் திசையில் வழுக்கினாலும் பிடித்துக்கொள்ளும்.

தகடு போடும் நாளைக் காற்றே முடிவு செய்கிறது. இலை நிறைந்த சிறு மரங்கள் அசையத் தொடங்கினால் அது காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவையில் 5, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகம். அந்த நிலையில் பெரிய தகட்டைக் கையில் ஏந்தி மேலே நிற்கக் கூடாது. ஒரு நாளில் எத்தனை தகடுகளை முழுதாகத் திருகி முடிக்க முடியுமோ அத்தனையை மட்டும் மேலே ஏற்ற வேண்டும். பாதி மூடிய கூரை முழுதும் மூடிய கூரையைவிடக் காற்றில் மோசமாக நடந்துகொள்வதால், இரவுக்கு விடும்போது ஓரத் தகடுகளைக் கூடுதல் பட்டைகளால் கட்டிவிட வேண்டும்.

பழைய கூரையைப் பிரிக்கும் வேலை, தற்காலிகக் கூரை முழுமையாகி, தகுதியுள்ளவர் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகுதான். நாள் மிச்சப்படுத்த இரண்டையும் ஒருசேரத் தொடங்கச் சொல்லும் அவசரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பயன்பாட்டுக் காலத்தில்

முதல் பயன்பாட்டுக்கு முன்பும், அதன்பின் ஏழு நாளுக்கு ஒருமுறையும், பலத்த காற்று மழைக்குப் பிறகும், எந்த மாற்றத்துக்குப் பிறகும் சோதனை செய்து எழுதி வைப்பது பல நாடுகளில் உள்ள நடைமுறை. பார்ப்பவர் கையில் வரைபடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அகற்றப்பட்ட ஒரு பிணைப்பு அவர் கண்ணுக்கு இல்லாத பொருளாகவே இருந்துவிடும். கொத்தனாரோ பூச்சு வேலைக்காரரோ தன் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு சுவர்ப் பிணைப்பைக் கழற்றிவிடுவது நாள்தோறும் நடக்கக்கூடியது. அதைக் கடிந்துகொள்வதைவிட, பிணைப்புகள் எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம் பூசி, மாற்ற வேண்டுமானால் யாரிடம் கேட்பது என்பதைச் சாரத்தின் நுழைவாயிலில் எழுதி வைப்பது பயன் தரும்.

பாரக்கட்டைகள் நகர்த்தப்பட்டிருக்கின்றனவா, பலகையின் அடியில் மண் கரைந்திருக்கிறதா, பீலியில் சருகு அடைத்திருக்கிறதா, திருகாணித் தலைகளைச் சுற்றித் தகடு கிழிந்திருக்கிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். கப்பியையோ பாரம் தூக்கும் கருவியையோ கூரை உத்திரத்தில் மாட்டக் கூடாது. அதற்கென்று கணக்கிடப்பட்ட தனி உத்திரம் இருந்தால் அதில் மட்டும். மேடைகளில் ஓடும் செங்கல்லும் குவிக்கும்போதும் அளவு உண்டு: இஎன் 12811-இன்படி மூன்றாம் வகுப்பு மேடை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோதான் தாங்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்த வேகத்தில் ஆட்களை இறக்குவது, எந்தத் திறப்புகளை மூடுவது, பக்கப் பாய்களைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை வடிவமைத்தவரே சொல்ல வேண்டும். பாயைக் கழற்றினால் பக்கச் சுமை குறையும், ஆனால் உள்ளழுத்தம் கூடலாம்.

பிரித்தல்

நிரந்தரக் கூரை நீர் புகாத நிலைக்கு வந்து, அதன் வழியாக ஒரு மழையாவது வடிந்ததைப் பார்த்துவிட்டு, அல்லது குழாய்த் தண்ணீர் பாய்ச்சிச் சோதித்துவிட்டுப் பிரிக்கத் தொடங்குவது நல்லது. கட்டிய வரிசையின் தலைகீழ் வரிசையே பிரிக்கும் வரிசை: ஒரு சட்டகப் பகுதியின் தகடுகளை முழுதாக எடுத்த பிறகு அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும், உத்திரங்களின் கீழ்ப்பிடிப்புகளைத் தகடுகள் இறங்கும்வரை தொடக் கூடாது, எதிர்பாரத்தைக் கூரை முழுதும் இறங்கிய பின்பே நகர்த்த வேண்டும், பக்கப் பாய் இறங்கிய மட்டத்துக்குக் கீழே உள்ள சுவர்ப் பிணைப்புகள் அப்படியே இருக்க வேண்டும். தகடுகளையும் கிளாம்ப்களையும் மேலிருந்து வீசாமல் கயிற்றிலோ கிரேனிலோ இறக்குங்கள், கீழே புதிதாகப் போட்ட ஓடுகள் இருக்கின்றன. சுவரில் ஆங்கர் இருந்த துளைகளைச் சாரம் அந்த மட்டத்தில் நிற்கும்போதே, சுவரின் பழைய சாந்துக்கு ஒத்த கலவையால் அடைத்துவிட வேண்டும். சாரம் போன பிறகு அந்த உயரத்துக்கு மறுபடி ஏற வழியிருக்காது.